அரசு உதவிபெறும் சிறு கல்லூரியின் அலுவலகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் சிற்றூர்க் கல்லூரி ஒன்றின் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களும், பக்கத்துக் கல்லூரி நண்பர்களும், திடீரென முதல்வர் பொறுப்பு ஏற்க நேர்ந்த பேராசிரியர்கள் சிலரும்கூட ஒரே ஐயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு வந்ததால், அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஒழுங்கு நடவடிக்கையிலோ வழக்கிலோ சிக்கியிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வழக்கறிஞரைப் பார்க்க வேண்டுமே தவிர, இதை மட்டும் படித்துவிட்டு நின்றுவிடக் கூடாது.

ஆசிரியரல்லாத பணியாளர் என்றால் யார் யாரெல்லாம்? நூலகர் அதில் வருவாரா?

கண்காணிப்பாளர், உதவியாளர், இளநிலை உதவியாளர், தட்டச்சர், பண்டகக் காப்பாளர், பதிவறை எழுத்தர், ஆய்வக உதவியாளர், நூலக உதவியாளர், அலுவலக உதவியாளர், தோட்டக்காரர், பெருக்குபவர், இரவுக் காவலர் ஆகியோர் இதில் அடங்குவர். பழைய கல்லூரிகளில் தாவரவியல் துறைக்கு ஹெர்பேரியம் கீப்பரும் (உலர்த்திய தாவர மாதிரிகளைக் காப்பவர்) உடற்கல்வித் துறைக்கு மார்க்கரும் (ஆடுகளத்தில் கோடு போடுபவர்) இருப்பார்கள். அந்தப் பணியிடங்களின் பெயரைக் கேட்டாலே புதியவர்கள் சிரிப்பார்கள். கல்லூரி நூலகரும் உடற்கல்வி இயக்குநரும் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஊதிய விகிதத்தில் வருவதால், நடைமுறையில் ஆசிரியர் பக்கமே வைத்துப் பார்க்கப்படுகிறார்கள்.

தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் (ஒழுங்குமுறைப்படுத்தும்) சட்டம், 1976 நம்மைக் குறிப்பிடும் விதத்தையும் சொல்ல வேண்டும். அச்சட்டம் ‘ஆசிரியர்களும் பணியமர்த்தப்பட்ட பிற நபர்களும்’ என்ற பொருளில்தான் பேசுகிறது. நாம் அந்தப் ‘பிற நபர்கள்’. பெயர் அவ்வளவு மரியாதையாக இல்லாவிட்டாலும், பணிப் பாதுகாப்பைப் பொறுத்தவரை அச்சட்டம் ஆசிரியருக்கு எழுதிய அதே வரியில் நம்மையும் சேர்த்தே எழுதியிருக்கிறது என்பதை மறந்துவிட வேண்டாம்.

நானும் பக்கத்து மேசைக்காரரும் ஒரே வேலையைத்தான் செய்கிறோம். அவருக்கு அரசுச் சம்பளம், எனக்கு நிர்வாகச் சம்பளம். இது எப்படி?

அரசு ஒப்பளித்த பணியிடத்தில், இடஒதுக்கீட்டுச் சுழற்சி முறையின்படி நியமிக்கப்பட்டு, கல்லூரிக் கல்வித் துறையின் ஒப்புதல் பெற்றவருக்கு அரசு மானியத்திலிருந்து ஊதியம் வருகிறது. ஒருவர் ஓய்வுபெற்று அந்த இடம் நிரப்பப்படாமல் கிடக்கும்போதும், சுயநிதிப் பாடப்பிரிவுகளால் வேலை பெருகும்போதும் நிர்வாகம் தன் சொந்தப் பணத்தில் ஆள் வைத்துக்கொள்கிறது. பணிநிரவலுக்கும் பதவி உயர்வுக்கும் ஓய்வூதியத்துக்கும் முன்னவர் அரசாணைகளைப் பார்க்க வேண்டும். பின்னவர் தம் நியமன ஆணையைப் பார்க்க வேண்டும்.

பின்னவருக்கு நியமன ஆணையே இல்லை என்பதுதான் பல இடங்களில் உண்மை நிலை. பத்தாண்டு வேலை பார்த்திருப்பார். வருகைப் பதிவேட்டில் உள்ள கையொப்பத்தைத் தவிர அவர் அங்கே இருந்தார் என்பதற்கு வேறு சான்று இருக்காது. சேர்ந்த முதல் மாதத்திலேயே ஓர் ஆணையைக் கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் கேட்டதையாவது எழுத்தில் கேளுங்கள்.

எனக்கு மேலதிகாரி முதல்வரா, செயலரா? இரண்டு பேரும் வேறு வேறு சொன்னால் நான் என்ன செய்வது?

அன்றாட அலுவலில் முதல்வரே அலுவலகத்தின் தலைவர். செயலர் கல்லூரியை நடத்தும் கல்வி முகமையின் சார்பில் செயல்படுபவர். நியமனம், நிதி, அரசுக்குச் செல்லும் கருத்துருக்கள் ஆகியவற்றில் அவருடைய கையொப்பம் தேவைப்படுகிறது. பெரிய கல்லூரியில் இவ்விரு அறைகளுக்கும் இடையே நிர்வாக அலுவலர், நிதிக் காப்பாளர் எனப் பலர் இருப்பார்கள். சிறிய கல்லூரியில் இடையே இருப்பவர் நீங்கள் மட்டுமே என்பதால் இந்தக் கேள்வி எழுகிறது.

இருவரும் மாறுபட்டுச் சொன்னால், யார் சரி என்று தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலை அன்று. இருவர் சொன்னதையும் ஒரே அலுவலகக் குறிப்பில் எழுதி, ‘ஆணை வேண்டி’ என்று முதல்வர் வழியாகச் செயலருக்கு அனுப்பிவிடுங்கள். நேரில் கோபித்துக்கொள்பவர்கள்கூடக் கோப்பில் நிதானமாகவே எழுதுவார்கள். நான் பார்த்த சண்டைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு பக்கக் குறிப்பிலேயே அடங்கிப் போயின.

கல்லூரிக் குழு, ஆட்சிக் குழு என்றெல்லாம் சொல்கிறார்களே, அதில் எங்கள் ஆள் யாராவது உண்டா?

முதலில் இரண்டையும் பிரித்துக்கொள்வோம். கல்லூரிக் குழு என்பது 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சிறுபான்மையினர் நடத்தாத தனியார் கல்லூரிகளில் அமைக்கப்படுவது. சொத்தையும் நிதியையும் தவிர்த்த பொது நிர்வாகம், ஆசிரியர்களையும் பிற பணியாளர்களையும் நியமித்தல், அவர்களுடைய கடமைகளை வரையறுத்தல், அவர்கள்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுத்தல் ஆகியவை அதன் பணிகள். ‘செயலர் என்னை நீக்கிவிட்டார்’ என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, கல்லூரிக் குழு எந்தத் தேதியில் கூடி அப்படித் தீர்மானித்தது என்பதுதான்.

ஆட்சிக் குழு தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு உரியது. அதன் அமைப்பைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறைகள் சொல்கின்றன. தனியார் நிர்வாகத்தில் உள்ள தன்னாட்சிக் கல்லூரி என்றால் நிர்வாகத்தின் சார்பில் ஐவர், ஆசிரியர்கள் இருவர், கல்வியாளர் அல்லது தொழில்துறை சார்ந்தவர், அரசின் பிரதிநிதி, பல்கலைக்கழகப் பிரதிநிதி, முதல்வர் ஆகியோருக்கு அதில் இடம் உண்டு. ஆசிரியரல்லாத பணியாளருக்கு என்று ஒரு நாற்காலி இல்லை. நிதிக் குழுவிலும் அப்படியே: வரவு செலவுத் திட்டத்தின் ஒவ்வோர் எண்ணையும் கூட்டிக் கழித்துத் தருபவர் அலுவலகத்து உதவியாளர், கூட்டம் நடக்கும்போது அவர் கதவுக்கு வெளியே கோப்புடன் நிற்பார். இதை எப்படி மாற்றுவது என்று கேட்டால், சட்டத்தில் தடை எதுவும் இல்லாத இடங்களில் சிறப்பு அழைப்பாளராகக் கண்காணிப்பாளரை அழைக்கும்படி நிர்வாகத்தைக் கேட்கலாம் என்பதே என் விடை. சில நிர்வாகங்கள் இசைவு தருகின்றன.

அப்படியானால் எந்தக் குழுவில்தான் எங்களுக்கு இடம் இருக்கிறது?

விதிமுறைகளே இடம் தந்திருக்கும் குழுக்கள் மூன்றை நான் எப்போதும் சொல்வேன். முதலாவது, பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அதில் ஆசிரியர்கள் இருவரும் ஆசிரியரல்லாத பணியாளர்கள் இருவரும் இருந்தாக வேண்டும். இரண்டுக்கு இரண்டு என்று சம எண்ணிக்கையில் நம்மை வைத்திருக்கும் குழு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

இரண்டாவது, ராகிங் தடுப்புக் குழு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நாவரசு கொல்லப்பட்டதை அடுத்துத் தமிழ்நாடு 1997-இல் ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது; 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுமைக்குமான விதிமுறைகளை வகுத்தது. காவல்துறை, உள்ளூர் ஊடகம், பெற்றோர், மாணவர் ஆகியோருடன் ஆசிரியரல்லாத பணியாளரும் அக்குழுவில் இடம்பெற வேண்டும் என்று அவை சொல்கின்றன. உணவகத்திலும் காவலிலும் துப்புரவிலும் உள்ள ஒப்பந்தப் பணியாளர்கள் உட்பட அனைவரிடமும், ராகிங் கண்ணில் பட்டால் உடனே தெரிவிப்பேன் என்ற உறுதிமொழியைக் கல்லூரி எழுதி வாங்க வேண்டும். அப்படித் தெரிவித்தவருக்குப் பாராட்டுச் சான்று தந்து, அதைப் பணிப்பதிவேட்டில் சேர்க்கப் பணி விதிகளில் வழி செய்ய வேண்டும் என்றும் அவற்றில் உள்ளது. உறுதிமொழி எல்லாக் கல்லூரியிலும் வாங்கப்படுகிறது. பாராட்டுச் சான்று தந்ததை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. விடுதியில் இரவு பதினொரு மணிக்கு நடப்பது வார்டனைவிடக் காவலருக்கே முதலில் தெரியும் என்பதால், அந்த விதியைக் கேட்டுப் பெறுவது நியாயமானது.

மூன்றாவது, நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பு) மதிப்பீட்டுக்காகக் கல்லூரிக்குள் அமைக்கும் உள்ளகத் தர உறுதிப் பிரிவான ஐ.க்யூ.ஏ.சி. மூத்த நிர்வாக அலுவலர்கள் சிலர் அதில் உறுப்பினராக இருக்க வேண்டும். நாக் அளவுகோல்களில் ஆறாவது, ஆளுகையும் தலைமையும் மேலாண்மையும் பற்றியது. ஆசிரியரல்லாத பணியாளருக்கான நலத்திட்டங்களும் பயிற்சிகளும் அதில் கேட்கப்படுகின்றன. பயிற்சி வேண்டும் என்று சும்மா கேட்பதைவிட, நாக் படிவத்தின் அந்தப் பக்கத்தைச் சுட்டிக்காட்டிக் கேட்டால் கோரிக்கை வேகமாக நகரும்.

உள்ளகக் குழுவில் என்னைக் கேட்காமலேயே பெயரைப் போட்டுவிட்டார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?

பல கல்லூரிகளில் நாக் குழு வரும் முன் ஒரு மாலையில் இந்தப் பட்டியல் தயாராகிறது என்பதை அறிவேன். ஆனாலும் பெயர் இருக்கும் வரை பொறுப்பு உண்மையானது. தலைவர் மூத்த பெண் ஆசிரியராக இருக்க வேண்டும். உறுப்பினரில் குறைந்தது பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் வேண்டும். மாணவர் தொடர்பான புகார் என்றால் மாணவப் பிரதிநிதிகளும் வேண்டும். துறைத் தலைவர்கள் போன்ற உயர் நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்கள் உறுப்பினராக இருக்கக் கூடாது. உறுப்பினரின் காலம் மூன்றாண்டு.

புகாரை நிகழ்வு நடந்த மூன்று மாதத்துக்குள் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். உறுப்பினராகிய உங்களுக்கு மிக முக்கியமானது மந்தணம், அதாவது இரகசியம், காப்பது. சிறிய ஊரில், ‘பேரைச் சொல்லவில்லை, துறையை மட்டும்தான் சொன்னேன்’ என்பதுகூடப் பெயரைச் சொன்னதற்குச் சமம். விசாரணைக்குத் தலைவர் உட்பட மூவராவது இருக்க வேண்டும் என்பதால், உங்களை அழைக்காமல் அறிக்கையில் கையொப்பம் மட்டும் கேட்டால், அமர்வில் இல்லாததைக் குறிப்பிடாமல் கையெழுத்திட வேண்டாம்.

மாணவர் குறைதீர்ப்புக் குழுவில் நாங்களும் புகார் தரலாமா?

தர முடியாது. மாணவர் குறைதீர்ப்பு பற்றிய பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023-ஆம் ஆண்டு விதிமுறைகள் மாணவர்களுக்கு மட்டுமே உரியவை. குறைதீர்ப்பாளரும் அவர்களுக்காகவே இருக்கிறார். பணியாளர் தம் குறையை முதல்வர், செயலர், பிறகு கல்லூரிக் கல்வித் துறையின் மண்டல இணை இயக்குநர் என்ற வரிசையில்தான் கொண்டுசெல்ல வேண்டும். சென்னை, வேலூர், தருமபுரி, கோயம்புத்தூர், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, திருநெல்வேலி ஆகிய எட்டு இடங்களில் மண்டல அலுவலகங்கள் உள்ளன.

முதல்வர் வாயால் சொன்னால் போதாதா? எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தால் வேலை எப்போது நடக்கும்?

வேலை நடக்கட்டும், ஆனால் அன்று மாலைக்குள் எழுத்தும் நடக்கட்டும். ‘முதல்வர் அவர்கள் இன்று முற்பகல் வாய்மொழியாக அறிவுறுத்தியவாறு இப்பணி மேற்கொள்ளப்பட்டது, பின்னேற்பு ஆணை வேண்டப்படுகிறது’ என்று இரண்டு வரிக் குறிப்பு வைத்தால் போதும். இதில் அவநம்பிக்கை எதுவும் இல்லை. முதல்வர்கள் மாறுவார்கள், செயலர்கள் மாறுவார்கள், சில சமயம் நிர்வாகமே மாறும். கோப்பு மட்டும் அப்படியே இருக்கும்.

நான் அறிந்த ஒரு கல்லூரியில், அரங்கத்தை ஒரு திருமணத்துக்கு வாடகையின்றித் தரும்படி அப்போதைய செயலர் தொலைபேசியில் சொன்னார். சாவியைக் கொடுத்தவர் ஓர் உதவியாளர். மூன்றாண்டு கழித்துத் தணிக்கையில் அந்த வாடகை எங்கே என்று கேட்டபோது, சொன்னவர் பொறுப்பில் இல்லை. சாவிப் பதிவேட்டில் உதவியாளரின் கையொப்பம் இருந்தது. தொகை பெரிதன்று. ஆனால் அவர் ஓய்வூதியக் கருத்துரு அந்த ஒரு தணிக்கைத் தடையால் மாதக்கணக்கில் மேசை மேசையாக அலைந்தது.

முதல்வரின் லாகினும் பாஸ்வேர்டும் என்னிடம்தான் இருக்கின்றன. இது தவறா?

சிறிய கல்லூரிகளில் இது எல்லா இடத்திலும் உண்டு. மாணவர் விவரங்களுக்கான அரசு இணையதளமான யு.எம்.ஐ.எஸ்.-இல் விவரம் ஏற்றுவது முதல் உதவித்தொகை விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது வரை, முதல்வரின் பெயரில் உள்ள கணக்கை அலுவலகத்தில் ஒருவரே திறந்து முடிப்பார். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் ₹1,000 ஒரு மாணவருக்கு வராமல் போனால், தவறு யாருடைய விரலால் நேர்ந்தது என்ற கேள்வி கட்டாயம் எழும்.

பிறருடைய கடவுச்சொல்லையோ மின்னணுக் கையொப்பத்தையோ நேர்மையற்ற முறையில் பயன்படுத்துவதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மூன்றாண்டு வரை சிறை விதிக்கத்தக்க குற்றமாக வைத்திருக்கிறது. நீங்கள் அனுமதியுடன்தான் செய்கிறீர்கள். ஆனால் அந்த அனுமதி முந்தைய கேள்வியில் சொன்னதுபோல் வாய்மொழியாக மட்டும் இருந்தால் அதை எதைக் காட்டி மெய்ப்பிப்பீர்கள்? எந்தத் தளத்தில், எந்தப் பணிக்கு, யார் இயக்கலாம் என்று ஓர் அலுவலக ஆணை பெற்றுக்கொள்ளுங்கள்; தளம் தனிக் கணக்கு தருமானால் உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். மின்னணுக் கையொப்பச் சாவியை மட்டும் முதல்வரே வைத்துக்கொள்ளட்டும்.

மெமோ கொடுத்தார்கள். வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சரிதானே?

சரியன்று. குறிப்பாணையைப் பெற்றுக்கொள்வது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. தேதியும் நேரமும் இட்டு, ‘பெற்றுக்கொண்டேன்’ என்று மட்டும் எழுதிக் கையொப்பமிட்டு வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவஞ்சலில் வரும், அல்லது அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். மறுத்தீர்கள் என்பது தனிக் குற்றச்சாட்டாகவும் சேரும். சொன்ன கெடுவுக்குள், கேட்டதற்கு மட்டும், கோபமில்லாத மொழியில் விடை எழுதுங்கள். உங்கள் விடையைப் பின்னாளில் உங்களைத் தெரியாத ஓர் அதிகாரியோ நீதிபதியோ படிக்கக்கூடும்.

சஸ்பெண்ட் செய்தால் எத்தனை நாள் வெளியே வைத்திருக்கலாம்? நிர்வாகச் சம்பளக்காரனுக்கும் இது பொருந்துமா?

1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கடுமையான தவறு பற்றிய விசாரணை கருதப்படும்போது மட்டுமே தற்காலிகப் பணிநீக்கம் செய்யலாம். அது இரண்டு மாதத்துக்கு மேல் நீடிக்கக் கூடாது. விசாரணை முடியாததற்குப் பணியாளரே நேரடிக் காரணம் என்று தகுதிவாய்ந்த அதிகாரி கருதினால் மட்டும் மேலும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். காலம் முடிந்தும் விசாரணை முடியவில்லை என்றால் அவர் பணிக்குத் திரும்பியவராகவே கருதப்படுவார், விசாரணை தொடரலாம். பணியறவு, பணிநீக்கம், பதவியிறக்கம் ஆகியவற்றுக்குத் தகுதிவாய்ந்த அதிகாரியின் முன் ஒப்புதல் வேண்டும். தண்டனை ஆணைக்கு மேல்முறையீடும் உண்டு.

இரண்டாவது கேள்வி நுட்பமானது. ‘தனியார் கல்லூரி’ என்பதற்குச் சட்டம் தரும் விளக்கம், கல்வி முகமை நடத்துகிற, பல்கலைக்கழக இணைவு பெற்ற கல்லூரி என்பதே. அரசு மானியம் பெறுகிறதா என்பதை அது பார்க்கவில்லை. ‘பணியமர்த்தப்பட்ட பிற நபர்’ என்ற தொடரும் ஊதியம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கவில்லை. எனவே நிர்வாகப் பணியாளரும் இப்பாதுகாப்பைக் கோர முடியும். கோரும்போது முதலில் கேட்கப்படுவது நியமன ஆணை என்பதால்தான் அரசுச் சம்பளம், நிர்வாகச் சம்பளம் பற்றிய கேள்விக்கான விடையில் அவ்வளவு அழுத்திச் சொன்னேன்.

பணிப்பதிவேட்டை நான் பார்க்கக் கேட்டால் தப்பாக நினைப்பார்களா?

நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். ஆண்டுக்கு ஒருமுறை பணியாளரிடம் காட்டிக் கையொப்பம் பெற வேண்டும் என்பதே அரசு நடைமுறை. பிறந்த தேதி, தகுதிகாண் பருவம் முடித்த ஆணை, விடுப்புக் கணக்கு, ஊதிய உயர்வு, வாரிசாகக் குறித்த பெயர் (நாமினேஷன்) ஆகிய ஐந்தையும் நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். பிழையை ஓய்வுக்கு ஓராண்டு முன்னர் கண்டுபிடிப்பதும் பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டில் கண்டுபிடிப்பதும் ஒன்றன்று.

கட்டண பாக்கி இருக்கிறது, டி.சி.யைக் கொடுக்காதே என்கிறார்கள். மாணவரின் தந்தை என் மேசை முன் நின்று கத்துகிறார்.

கத்துபவர் முன்னால் நிற்பவர் நீங்கள். முடிவெடுத்தவர் உள்ளே இருக்கிறார். ஆகவே முதலில் அவருடைய விண்ணப்பத்தை எழுத்தில் வாங்கி, வரவுப் பதிவேட்டில் எண்ணிட்டு, ஒப்புகைச் சீட்டுக் கொடுத்து, கோப்பை உள்ளே அனுப்புங்கள். சட்ட நிலையைப் பொறுத்தவரை, சேர்க்கையின்போது மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்தவுடன் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்தது. படிக்க விரும்பாத பாடப்பிரிவுக்குக் கட்டணம் கட்ட வைப்பதற்காகச் சான்றிதழ்களைப் பிடித்து வைப்பதை 2023-ஆம் ஆண்டின் விதிமுறைகள் ‘குறை’ என்றே வரையறுக்கின்றன. பள்ளிகள் தொடர்பான ஒரு வழக்கில் 2024-இல் சென்னை உயர்நீதிமன்றம், மாற்றுச் சான்றிதழ் கட்டணம் வசூலிப்பதற்கான கருவி அன்று என்று சொன்னது. இவற்றைக் குறிப்பில் எடுத்துக்காட்டி ஆணை கேளுங்கள். ‘கொடுக்க வேண்டாம்’ என்று எழுத்தில் ஆணையிட யாரும் அவ்வளவு எளிதில் முன்வர மாட்டார்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு வந்திருக்கிறது. நாம் தனியார் கல்லூரி, பதில் தரத் தேவையில்லை என்கிறார்களே?

அரசு நிதியால் கணிசமாகத் தாங்கப்படும் கல்லூரி பொது அதிகார அமைப்பாகும் என்பதை உச்சநீதிமன்றம் டி.ஏ.வி. கல்லூரி அறக்கட்டளை வழக்கில் 2019-இல் தெளிவுபடுத்திவிட்டது. ஊதியத்தின் பெரும்பகுதி அரசிடமிருந்து வரும் கல்லூரி ‘தனியார்’ என்று சொல்லித் தப்ப முடியாது. 30 நாளுக்குள் விடை தர வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ₹250 வீதம் ₹25,000 வரை தண்டம் விதிக்கலாம். அது கல்லூரிக்கு அன்று, பொதுத் தகவல் அலுவலருக்கு. அவர் உங்களிடம் எழுத்தில் தகவல் கேட்டு நீங்கள் தராவிட்டால், அந்த அளவுக்கு நீங்களே தகவல் அலுவலராகக் கருதப்படுவீர்கள். எனவே கேட்டதும் தந்துவிட்டு, தந்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சக பணியாளரின் மெமோவையும் தண்டனையையும் கேட்டு மனு வந்தால் நிலை வேறு. அவை தனிப்பட்ட தகவல்கள் என்றும், பெரும் பொதுநலன் காட்டப்பட்டாலன்றித் தர வேண்டியதில்லை என்றும் உச்சநீதிமன்றம் 2012-இல் கிரீஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கில் கூறியுள்ளது. அலுவலகப் பகையைத் தீர்த்துக்கொள்ள இச்சட்டத்தைப் பயன்படுத்துவோர் எங்கும் உண்டு.

விடுதியின் கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொண்டது. நம் தூய்மைப் பணியாளரையே இறக்கிவிடச் சொல்கிறார் ஒருவர். இறக்கலாமா?

கூடவே கூடாது. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் குறிப்பு, கோப்பு, ஆணை என்று காத்திருக்க வேண்டாம், அங்கேயே மறுத்துவிடுங்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கருவிகளின்றிச் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ மனிதரை இறக்குவதைத் தடை செய்கிறது. முதல் முறைக்கே இரண்டாண்டு வரை சிறையோ ₹2 லட்சம் வரை தண்டமோ இரண்டுமோ உண்டு. இறக்கியது நேரடியாகவா, ஒப்பந்தக்காரர் வழியாகவா என்பது முக்கியமில்லை. இத்தகைய இறப்புக்கு இழப்பீட்டை ₹30 லட்சமாக உயர்த்தி உச்சநீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது.

‘அவரே பணத்துக்காக ஒத்துக்கொண்டார்’ என்பது விடையாகாது. உள்ளே உள்ள வாயு ஒத்துக்கொண்டவரையும் ஒத்துக்கொள்ளாதவரையும் ஒரே நிமிடத்தில் வீழ்த்தும். காப்பாற்ற இறங்குபவரையும் சேர்த்து வீழ்த்தும். நகராட்சியிலோ உரிமம் பெற்ற தனியாரிடமோ கழிவுநீர் ஊர்தியை அழையுங்கள். அதன் செலவு விடுதிக் கணக்கில் ஆண்டுச் செலவாக முன்கூட்டியே இருக்க வேண்டும். கண்காணிப்பாளராக இருந்தபோது நான் பிடிவாதமாகச் சேர்க்க வைத்த சில தலைப்புகளில் இது ஒன்று.

நாங்கள் சங்கம் வைக்கலாமா? ஆசிரியர்களுக்கு இல்லாத தொழிற்சட்டம் எங்களுக்கு உண்டு என்கிறார்களே, உண்மையா?

சங்கம் அமைப்பது அரசமைப்பு தந்த உரிமை. ஏழு பேர் சேர்ந்தால் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டாம் பாதியும் நெடுங்காலம் உண்மையாகவே இருந்தது. 1978-இல் பெங்களூர் நீர் வழங்கல் வாரிய வழக்கில், நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யரின் முதன்மைத் தீர்ப்புடன், கல்வி நிறுவனமும் ‘தொழில்’ என்பதில் அடங்கும் என்று உச்சநீதிமன்றம் சொன்னது. 1988-இல் சுந்தராம்பாள் வழக்கில், ஆசிரியர் ‘தொழிலாளி’ அல்லர் என்று சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், எழுத்தரும் காவலரும் தொழில் தகராறு எழுப்பலாம், பேராசிரியர் எழுப்ப முடியாது என்ற நிலை வந்தது. நம்மைக் கல்வியாளர் கூட்டத்தில் சேர்க்காததால் நமக்குக் கிடைத்த ஒரே ஆதாயம் இது என்று வேடிக்கையாகச் சொல்வோம்.

2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. அதில் அறப்பணி, சமூகப்பணியில் முழுமையாகவோ கணிசமாகவோ ஈடுபட்ட அமைப்புகள் நடத்தும் நிறுவனங்கள் ‘தொழில்’ என்பதிலிருந்து விலக்கப்பட்டுள்ளன. கல்லூரி நடத்தும் அறக்கட்டளைகள் இந்த விலக்கைக் கோரும் என்று எதிர்பார்க்கலாம். எனவே பழைய தீர்ப்பை மட்டும் நம்பி இன்று வழக்குத் தொடுக்காமல், எந்த மன்றத்தை அணுகுவது என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

நிர்வாகப் பணியாளர் விலகும்போது பணிக்கொடை உண்டா?

உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் கல்வி நிறுவனங்களுக்குப் பணிக்கொடைச் சட்டம் 1997 ஏப்ரல் 3 முதல் பொருந்தியது; 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துள்ளது. ஆசிரியர்கள் அதில் வருவார்களா என்ற வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்று, 2009-இல் சட்டத்தைத் திருத்தியே தீர்க்க வேண்டியிருந்தது; அலுவலகப் பணியாளரைப் பற்றி அந்த ஐயம் எழவே இல்லை. ஐந்தாண்டு தொடர்ந்து பணியாற்றியிருக்க வேண்டும் என்பது பொது விதி. கடைசி ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஆண்டுகளால் பெருக்கினால் தொகை வரும். ₹13,000 ஊதியத்தில் பத்தாண்டு பணியாற்றியவருக்கு ₹75,000.

தேர்தல் பணிக்கு ஆணை வருகிறது. நாம் அரசு ஊழியர் இல்லையே, மறுக்கலாமா?

மறுக்க முடியாது. அரசு நிதியால் கணிசமாகத் தாங்கப்படும் நிறுவனங்களின் பணியாளர்களையும் தேர்தல் பணிக்குக் கேட்க 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இடம் தருகிறது. உடல்நலக் காரணம் இருந்தால் உரிய சான்றுடன் தேர்தல் அலுவலரிடமே விலக்குக் கேட்க வேண்டும். முதல்வரால் விலக்குத் தர இயலாது.

ஓய்வு பெறும் நாளில் எதை எதை ஒப்படைக்க வேண்டும்?

பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலை இரண்டு படியாகத் தயாரித்து, வாங்குபவரின் கையொப்பம் பெற்ற ஒன்றை வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். கோப்புகளை எண்ணோடும், பதிவேடுகளைக் கடைசிப் பதிவின் தேதியோடும், பயன்படுத்தாத ரசீதுப் புத்தகங்களையும் மாற்றுச் சான்றிதழ்ப் படிவங்களையும் தொடக்க எண், முடிவு எண்ணோடும் எழுதுங்கள். முன்னர்ச் சொன்ன லாகின்களின் கடவுச்சொற்களை உங்கள் முன்னிலையிலேயே மாற்றச் செய்து, மாற்றிய நேரத்தைப் பட்டியலில் குறிக்கச் சொல்லுங்கள்; உங்கள் கைப்பேசி எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.யையும் நீக்கச் சொல்லுங்கள். நான் ஓய்வு பெற்ற நான்காம் மாதத்திலும், தெரியாத ஒரு மாணவரின் உதவித்தொகை விண்ணப்பத்துக்கான ஓ.டி.பி. என் கைப்பேசிக்கு வந்துகொண்டிருந்தது.

சாவிகளை ஒவ்வொன்றாகப் பூட்டில் போட்டுத் திறந்து காட்டி ஒப்படையுங்கள். என் கொத்தில் எந்தப் பூட்டுக்கும் பொருந்தாத மூன்று சாவிகள் இருந்தன. எனக்கு முன் இருந்தவர் தந்தபோதும் அப்படியே இருந்தன. ‘பூட்டு அறியப்படாத சாவிகள் – 3’ என்று எழுதித்தான் கொடுத்துவிட்டு வந்தேன்.